சைஸ்காரர் கடையில் என் அளவு

அசட்டுத் துணிச்சலுக்கு இந்த ஊரில் யாராவது பரிசு வைத்தால் அதை சைஸ்காரரைத் தவிர வேறு யாருக்கும் கொடுக்க விடமாட்டேன். பவுர்ணமிக்குப் பவுர்ணமி ஊர் உலகமெல்லாம் வந்து வெறுங்காலோடு சுற்றும் திருவண்ணாமலையில், அதுவும் கிரிவலப் பாதையிலேயே, போயும் போயும் செருப்புக்கடை திறந்த மனிதர் அவர்.

பவுர்ணமி அன்று கடை வாசலில் கூட்டம் நிற்கும். அவர் முகம் மலர்ந்து எழுந்து வருவார்.

"அண்ணே, செருப்ப இங்க விட்டுட்டுப் போலாமா?" என்பார்கள்.

இப்படியே கொஞ்ச காலம் ஊராரின் பழைய செருப்புகளுக்குக் காவல் இருந்தார். அப்போதுதான் கண்காட்சிகளில் குழந்தைப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்த அவர் மச்சான், வேறு வேலை கிடைத்து, மிச்சமிருந்த புத்தகங்களை வேனில் கொண்டுவந்து கடையில் இறக்கிவிட்டுப் போனான். சைஸ்காரர் யோசிக்கவே இல்லை. காலி செருப்புப் பெட்டிகளில் புத்தகங்களை அடுக்கினார். பெட்டி மேல் ஏற்கெனவே நம்பர் இருந்தது. ஒன்றாம் நம்பர், கடிக்கிற வயசு. பத்தாம் நம்பர், அப்பா அம்மாவிடம் பேசாத வயசு. நடுவில் மற்றவர்கள். போர்டைக்கூட மாற்றவில்லை.

"போர்டு எதுக்கு சார் தனியா? உள்ள வந்தா தெரியப்போவுது" என்றார்.

தெரியத்தான் செய்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த மணிலாக்கொட்டை வியாபாரி ஒருவர், அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். வெளியே வரும்போது கையில் ஒரு தவளைக் கதை, காலில் ஒன்றுமில்லை. அடுத்த வாரமும் வெறுங்காலோடுதான் வந்தார். "இன்னும் செருப்பு வாங்கலையா?" என்று கேட்டேன். "அது கெடக்குது விடுங்க. சின்னவ உசுர எடுக்கறா. தவளைக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு அடுத்த புக்கு இருக்கா?" என்றார்.

செருப்பு வியாபாரம் போனதே தவிர, செருப்பு வியாபாரி போகவில்லை. குழந்தையை முக்காலியில் உட்கார வைப்பார். தானும் எதிரே தரையில் குந்திக்கொண்டு, மடியில் புத்தகத்தைப் பொருத்துவார். ஒரு பக்கம் படிக்கச் சொல்வார். தெரியாத வார்த்தை வந்தால் ஒரு விரலை மடக்க வேண்டும்.

"ரெண்டு மூணு விரல் மடங்கினா நல்லது. கட்டவெரல் முன்னாடி கொஞ்சம் எடம் இருக்கற மாதிரி. கையே மடங்கிடுச்சுன்னா பெருசு. கழட்டு."

பொருந்தினால் அடுத்த உத்தரவு: "நடந்து பாரு." புத்தகத்தோடு தெருமுனை விளக்குக் கம்பம் வரை படித்துக்கொண்டே போய்த் திரும்பி வந்து கதை சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அளவு சரி. திரும்பி வராமல் கம்பத்தடியிலேயே நின்றுவிட்டால், அதுதான் அவர் அகராதியில் மிகக் கச்சிதமான அளவு. ஒரு பெண் அப்படி நின்று படித்ததில், அவள் பையிலிருந்த கீரையை மாடு நிதானமாகத் தின்று முடித்துவிட்டது. அம்மாக்காரி சண்டைக்கு வந்தாள். சைஸ்காரருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "மாடு தின்னது கூடத் தெரியலன்னா பாத்துக்கோங்க. என்னா ஃபிட்டிங்!"

தப்பும் செய்வார். ஒரு பையனுக்குப் பேய்க்கதை கொடுத்துவிட்டார். அவன் தனியாகக் குளியலறைக்குக்கூடப் போக மறுப்பதாக வீட்டிலிருந்து புகார் வந்தது. "புதுசு கொஞ்சம் கடிக்கும்மா. ரெண்டு நாள் போட்டா சரியாயிடும்" என்று சமாதானம் சொன்னார்.

அவருக்கு ஆகவே ஆகாத ஒரு ஜாதி உண்டு. பெற்றோர். பள்ளி திறக்கும்போது பிள்ளைக்கு ஷூ வாங்கப் போனால் நாம் என்ன சொல்வோம்? "வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசாவே குடுங்க." முன்னால் பஞ்சை அடைத்துக்கொள்ளலாம். புத்தகத்துக்கும் அதையே சொன்னோம். "மூணாவதுதான் படிக்கறா, ஆனா ஆறாவது படிக்கறவங்க புக்கா குடுங்க." அவர் கொதித்துப்போவார். "தடுக்கி விழும் சார்! அப்புறம் நடக்கவே பயப்படும்!"

இதைக் கேட்டு நான் பலமாகத் தலையாட்டுவேன். ஆட்டிக்கொண்டே, வீட்டில் என் பெண் பிறந்த நாளுக்கு நான் வாங்கிக்கொடுத்த, தலையணைக்கு மாற்றாகப் பயன்படக்கூடிய சரித்திர நாவலை நினைத்துக்கொள்வேன்.

என் பெண் யாழினி ஏழாவது படிக்கிறாள். பையன் முகிலன் ஒன்றாவது. வேங்கிக்காலில் வீடு, அங்கேயே ஓர் அலுவலகத்தில் எனக்கு உத்தியோகம். பத்திரிகையில் எழுதுகிறேன் என்பதால் காலனியில் என்னை எழுத்தாளர் என்பார்கள். அதாவது, குழாயில் தண்ணீர் வராவிட்டால் மனு எழுதித் தரச் சொல்வார்கள்.

முகிலன் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பஸ் ஜன்னல் வழியாகக் கடை போர்டுகளைப் படித்துப் படித்து எழுத்தைப் பிடித்துக்கொண்டான். யாழினிக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஒருநாள் சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது கல்யாணப் பத்திரிகையை முகிலன் கடகடவென்று வாசித்தான். "மீதிய நீ படிம்மா" என்று யாழினியிடம் நீட்டினார்கள். அவள் இரண்டாவது வரியில் நின்றாள். என் தங்கை மகன் சிரித்துவிட்டான்.

அன்றோடு சரி. புத்தகத்தைக் கண்டால் "கண்ணு வலிக்குதுப்பா" என்றாள். கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். எனக்கு அதற்கு மேல்தான் பயம் வந்தது. இந்தப் பெண் வாழ்க்கை முழுக்கப் புத்தகத்தைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடுவாளோ?

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சைஸ்காரர் கடைக்குப் போனேன். முகிலன் முக்காலியில் ஏறி, மூன்றாம் நம்பரில் பொருந்தி, கம்பம் வரை போய் வந்து முழுக்கதையும் சொன்னான். அக்காவின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. அவள் முறை வந்ததும் முக்காலியில் உட்காரவே இல்லை. மேல்தட்டிலிருந்து இருப்பதிலேயே தடியான ஒன்றை இழுத்து, "எனக்கு இதான்" என்றாள். விளக்குக் கம்பம் வரை விறுவிறுவென்று போய்த் திரும்பி வந்தாள். "நல்லா இருந்துச்சு."

சைஸ்காரர் கதை கேட்கவில்லை. "அப்படியா கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

நான் அவரைத் தனியே இழுத்துப்போய்க் கிசுகிசுத்தேன். "அண்ணே, அவளுக்கு நாலாம் நம்பர் எடுத்துக் குடுங்க."

"குடுத்தா எடுப்பாளா? தம்பி மூணாம் நம்பரோட பக்கத்துலயே நிக்கறான். நாலு பேர் பாக்க, கொழந்தை செருப்பப் போட்டுகினு நடன்னா நீங்க நடப்பீங்களா?"

"அப்ப என்னதான் பண்றது? பேஜாரா இருக்குண்ணே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் தெருவுக்கே கேட்கும்படி, "மொதல்ல உங்கள அளக்கணும் சார். உக்காருங்க!" என்றார்.

என் உருவத்துக்கு அந்த முக்காலி போதாது. பாதி நான் வெளியேதான் இருந்தேன். யாழினி எடுத்த அதே தடிப் புத்தகத்தை என் மடியில் வைத்தார். படித்தேன். கம்பம் வரை கம்பீரமாக நடந்தேன். திரும்பினேன்.

"என்னா கதை?"

"அதாவது... ஒரு மன்னர். அவருக்கு... நாட்டுல..."

"பெருசு! கழட்டு!"

முகிலன் கைதட்டினான். எட்டாம் நம்பர் கொடுத்தார். அதுவும் பெருசு. ஆறாம் நம்பர். கம்பத்தடியில் கொட்டாவி விட்டதைப் பார்த்துவிட்டார். எதிர்க்கடை பஜ்ஜிக்காரர் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். கடைசியில் நாலாம் நம்பர் பெட்டியைத் திறந்து ஒரு கழுதைக் கதையை நீட்டினார். பட்டாசுச் சத்தம் தாங்காமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுக்கும் கழுதை.

நானும் அலட்சியமாகத்தான் வாங்கிக்கொண்டு நடந்தேன். மூன்றாவது பக்கத்தில் கழுதை நாற்காலி கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பத்தில் சாய்ந்துகொண்டேன். எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது, யாழினி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, மானம் போவுது. எல்லாரும் பாக்கறாங்க. வாப்பா."

"இரு இரு, எஸ்.ஐ. கழுதைகிட்ட அட்ரஸ் கேக்கறாரு."

"என்னது?" என்று என் கைக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தாள். நான் பாட்டுக்குச் சிரித்தபடி பக்கத்தைத் திருப்பப் போனேன். அவள் கட்டைவிரலால் அந்தப் பக்கத்தை அழுத்திப் பிடித்தாள்.

"இருப்பா. நான் இன்னும் முடிக்கல."

நான் இருந்தேன். அவள் உதடு ஒவ்வொரு எழுத்தாக அசைந்தது. அப்புறம் அவளும் சிரித்தாள். அங்கே கடை வாசலில் நின்று சைஸ்காரர் ஊருக்கு அறிவித்தார்: "சாருக்கு நாலாம் நம்பர்!"

அந்தச் செய்தி எனக்கு முன்னால் வேங்கிக்கால் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அலுவலகத்தில், "என்னா நாலாம் நம்பர், ஃபைல் எழுத்து பெருசா இருக்கணுமா?" என்று விசாரித்தார்கள். யாழினி மட்டும் வாராவாரம் தவறாமல் கடைக்குக் கிளம்பினாள். "எங்கப்பாவுக்குத்தான்" என்று சொல்லி நாலாம் நம்பர் பெட்டியைக் கிளறினாள். வீட்டில், "நீ தூங்கிடுவப்பா, நான் படிக்கறேன், கேளு" என்பாள். நடுவில் திருத்த வந்த முகிலனை, "வாய மூடுடா, கழுதை பேசுது" என்று அடக்கினாள். நான் கேட்டேன். அதில் எனக்குத் தனித் திறமை உண்டு. நாலு ஐந்தாயிற்று, மழைக்காலம் முடிவதற்குள் ஏழாயிற்று. எப்போதிலிருந்து "அப்பாவுக்கு" என்று சொல்வதை விட்டாள் என்று நானும் கவனிக்கவில்லை.

ஒருநாள் கேட்டே விட்டேன். "உண்மையச் சொல்லுங்கண்ணே. எனக்கு நெஜமாவே நாலாம் நம்பர்தானா, இல்ல பொண்ணுக்காகச் சொன்னீங்களா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "வியாபாரத்துல நான் பொய் சொல்லமாட்டேன் சார். உங்களுக்கு நாலே கொஞ்சம் ஜாஸ்தி. பொண்ணு பக்கத்துல நிக்கறாளேன்னு ஏத்திச் சொன்னேன்."

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை மூடுகிற வேளைக்குப் போய்ச் சேர்ந்தோம். யாழினி உள்ளே தரையில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். சைஸ்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியவர், அவளை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மேலே தள்ளினார். என் பக்கம் திரும்பி, "வெளிச்சத்த மறைக்காதீங்க சார்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். நான் நகர்ந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் போன் அடித்தது. அந்தப் பக்கம் அவர் மனைவி, "ஏங்க, கொழம்பு ஆறுது, இன்னும் என்னா பண்றீங்க?" என்று கத்துவது எனக்கே கேட்டது.

போனை வாயோடு சேர்த்துக் கையால் பொத்திக்கொண்டு, கோயிலுக்குள் பேசுகிற குரலில் அவர் சொன்னார்:

"கத்தாத. உள்ள ஒரு பொண்ணு படிச்சிகினு இருக்குது."