போர்வெல் சாரின் மணல் குழாய்

ஓசூர் வட்டாரத்தில் போர்வெல் சாரைப் போலப் பூமிக்குள்ளேயே குடியிருந்த மனிதர் வேறு யாரும் கிடையாது. உடம்பு மட்டும் ஜூஜுவாடிப் பக்கம் எங்கள் கெமிக்கல் கம்பெனி லேப்பில் இருக்கும். யாரைப் பார்த்தாலும், "உங்க வீட்டு போர் எத்தனை அடிங்க?" என்பார். பேரிகை ஊருக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் பெண்ணின் அப்பாவிடம் அதையே கேட்டார். பஜ்ஜி வருவதற்குள் சம்பந்தம் முறிந்தது.

எண்ணெய்க் கிணற்றை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அதற்கு மருந்து செய்வதுதான் அவர் வேலை. எட்டாவதோடு நின்று, லேப்பில் எடுபிடி வேலை பார்த்த எனக்கு அவர் விளக்கியது இது: "வெந்நீர் அண்டாவுல வெள்ளையா உப்பு படியுதில்ல மாரப்பா, அப்படித்தான் கிணத்துக் குழாயும் அடைக்கும். மருந்தைச் சும்மா ஊத்தினா எண்ணெயோட மேல வந்துரும். கண்ணுக்கே தெரியாத நானோ துகள் முதுகுல ஏத்தி அனுப்பினா, பாறையைப் புடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா விடும்."

சோதித்துப் பார்க்க, ஆளுயரக் கண்ணாடிக் குழாயில் மணலை அடைத்து, மருந்தேற்றிய துகளை உள்ளே விட்டு, மேலிருந்து தண்ணீரைச் சொட்ட வைத்தார். கீழே வடிவதில் நாற்பது நாளும் மருந்து வந்துகொண்டிருந்தால் எண்ணெய்க் கம்பெனியின் ஆர்டர்; வராவிட்டால் லேப்பையே மூடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். சார் தினமும் குழாயில் வாயை வைத்து, "விட்றாதீங்கப்பா, கெட்டியா புடிச்சுக்கங்க" என்பார்.

முப்பதாம் நாள், ஆயுத பூஜைக்கு முந்தின தினம். எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்பது கம்பெனி வழக்கம். சார் சாப்பிடப் போயிருந்தார். அழுக்கு மணலோடு குழாய் சாமி முன்னால் நிற்கலாமா என்று எனக்குக் கவலை. எனக்கு எதற்கும் கவலைதான். ஹோஸைச் சொருகி அரை மணி நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு, சந்தனம், குங்குமம் வைத்தேன்.

சார் வந்தார். குங்குமத்தைப் பார்த்தார். ஹோஸைப் பார்த்தார்.

"யாருப்பா இது?"

"நான்தான் சார். சுத்தமா கழுவிட்டேன்."

"சுத்தமாவா?" ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

என் வேலை போகட்டும், இவர் லேப்பும் போச்சே! சார் எழுந்து, கடைசியாக வடிந்த நீரைப் பிடித்து, அதில் ஏதோ சொட்டுவிட்டார். மருந்து இருந்தால் நீலமாகும். தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டு முடித்துத் தெரியாத சாமிகளுக்குப் போயிருந்தேன். நீலம் ஏறியது.

"உந்திரா! இன்கா உந்தி!" இருக்கிறதடா, இன்னும் இருக்கிறது என்று தெலுங்கில் கத்தியபடி என்னைக் கட்டிப்பிடித்தார். அத்தனை வெள்ளத்துக்கும் துகள்கள் மணலை விடவில்லை.

சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார். "இதை யாருய்யா கழுவச் சொன்னது?"

"நான்தாங்க," என்றார் சார், என் பக்கமே பார்க்காமல். "வெள்ளம் வந்தாலும் நிக்குதான்னு பார்க்கணுமில்லைங்களா? அதான் மாரப்பனை விட்டுக் கழுவச் சொன்னேன். நிக்குதுங்க."

"அட, அப்ப பார்ட்டிக்கு இப்பவே போன் போடறேன்" என்று முதலாளி திரும்பி ஓடினார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

மறுநாள் பூஜையில் எல்லாரும் மெஷினைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் மட்டும் கொஞ்சம் திரும்பி நின்று கும்பிட்டேன். சார் அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார்.