ஓட்டுநரின் மதிய டப்பா

மூன்று மாதச் சர்க்கரை அளவு அடுத்த சோதனையிலும் ஏழைத் தாண்டினால் பேருந்தை விட்டு இறங்கி, டெப்போவில் உட்கார்ந்து டயர் எண்ண வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். ஓட்டுநருக்கோ இப்போது ஒன்பது; கெடு மூன்று மாதம். மனைவி கட்டிய டப்பாவைத் திறந்தால் பாதிக்குக் காய், கால் பங்கு பருப்பு, மூலையில் வெட்கப்பட்டு ஒதுங்கிய கொஞ்சம் சோறு.

"தம்பி, மாத்திக்கலாமா?"

நடத்துனர் மறுக்கவில்லை. அவர் டப்பாவில் சோற்று மலை, உருளைக்கிழங்கு வறுவல். இப்படியே ஒரு வாரம் ஓடியது.

"இன்னிக்குக் காய் எப்படிங்க?" என்றாள் மனைவி.

"பீன்ஸ் அமிர்தம்."

"நான் வச்சது முட்டைக்கோஸ்."

"நீ நறுக்கின அழகுல பீன்ஸ் மாதிரியே தெரிஞ்சுது."

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் கேட்காமல் விட்டால்தான் பயப்பட வேண்டும். அந்த விவரம் அவருக்கு ஏது?

மறுநாளிலிருந்து தன் டப்பாவில் என்ன இருந்தது என்று நடத்துனரிடம் தினமும் கேட்டுக்கொண்டு போனார். புகழ்ச்சி கச்சிதமானது. விளைவு, அதே காய் இரவிலும் தட்டில் வந்து உட்கார்ந்தது. புகழ்ந்த வாயால் மறுக்க முடியுமா? தின்றுவிட்டு, வயிறு இறங்கத் தெருவை மூன்று சுற்று சுற்றினார். எதிர்வீட்டுக்காரர்களான நாங்கள் ஜன்னலில் நின்று எண்ணினோம்.

ஆறுதல், மதியம்தான். நடத்துனர் டப்பாவில் இப்போது மிளகு தூக்கலாக மீன், முட்டை, கொண்டைக்கடலை.

"இதுதான்டா கைப்பக்குவம். சோறுதான் கம்மியா இருக்கு."

"வீட்டுல கை சுருங்கிடுச்சுண்ணே."

மூன்று மாதம் முடிந்தது. திருட்டுத் தீனி காட்டிக்கொடுக்குமே என்று ஓட்டுநர் முந்தின நாள் முழுக்கப் பட்டினி கிடந்தார்.

"ஒரு நாள் பட்டினிக்கெல்லாம் இது ஏமாறாது சார். மூணு மாசமும் என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லிடும்" என்றாள் ரத்தம் எடுத்தவள். அவருக்கு வியர்த்துவிட்டது.

முடிவு வந்தது. ஆறு புள்ளி நான்கு.

ஓட்டுநர் காகிதத்தைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு டெப்போவுக்குள் நுழைந்தார். மேலாளர் கை குலுக்கினார், மெக்கானிக்குகள் விசிலடித்தார்கள். வெற்றி தலைக்கேறியதில் உண்மையும் வெளியே வந்துவிட்டது.

"எம் பொண்டாட்டி டப்பாவை நான் தொட்டதே இல்ல. என் சீட்டைக் காப்பாத்துனது இந்தத் தம்பி வீட்டுச் சாப்பாடுதான். உன் வீட்டம்மாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தர்றேன்டா."

நடத்துனர் தலையைச் சொறிந்தார்.

"அதை அண்ணி கையிலயே கட்டிவிட்டுடுங்கண்ணே. ரெண்டாவது வாரத்துலேர்ந்து ரெண்டு டப்பாவையும் கட்டுறது அவங்கதான்."