போன வருஷத்து அருவியில் குளிக்க வந்தவர்கள்

தென்காசிக்காரனாகப் பிறந்தவனுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. எந்த ஊருக்குப் போய் "எனக்குத் தென்காசி" என்று வாய் தவறிச் சொன்னாலும், எதிரில் இருப்பவர் அடுத்துக் கேட்பது "குற்றாலத்துல தண்ணி விழுதா?" என்பதுதான். டாக்டர் கேட்பார், டாக்டரின் கம்பவுண்டர் கேட்பார், லாட்ஜில் சாவி கொடுப்பவர் கேட்பார். நம் பெயரைக் கேட்க மறந்துவிடுவார்கள்.

நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. தேனி, திண்டுக்கல், காரைக்குடி என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைகிற பிழைப்பு. வாரக் கடைசியில் ஊருக்கு வந்தால் கூடப் படித்தவர்கள் "எப்ப வந்த?" என்பார்கள். பதில் சொல்வதற்குள் "எப்ப போற?" என்பார்கள். (இதற்கு நடுவில் நட்பு வளர எங்கே இடம்?)

இப்படி இருந்த நாளில்தான், ஒரு சீசன் சமயம், ஐந்தருவியை போனில் படம் பிடித்து "இன்று ஐந்தருவி, தண்ணி நல்லா விழுது" என்று முகநூலில் போட்டேன். அவ்வளவுதான். திருச்சியில் முன்பின் தெரியாத ஒருவர் "நீங்க நல்லா இருக்கணும் தம்பி" என்று வாழ்த்தினார். மறுநாளும் போட்டேன். ஒருநாள் போடாமல் விட்டால் "அண்ணே, உடம்புக்கு என்ன?" என்று நாலு பேர் விசாரித்தார்கள். என் கூடப் பிறந்த அண்ணன் என்னை அப்படி விசாரித்ததே இல்லை. இந்த ருசி கண்ட பிறகு மனுஷனால் நிறுத்த முடியுமா?

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு குற்றால அருவியை எப்படிப் படம் பிடிப்பது? அதற்கும் வழி கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்கு ஒரு சட்டை, மெயினருவிக்கு ஒரு சட்டை, பழைய குற்றாலத்துக்குக் குடை என்று மாற்றி மாற்றிப் படம் எடுத்து, ஒரு வாரத்துக்கும் நேரம் குறித்துப் போட்டுவைத்துவிடுவேன். அதுபாட்டுக்குத் தினமும் காலையில் போய்விடும். என் மனைவி லட்சுமி, "ஒரு வாரத்துக்கு மாவு அரைச்சு வச்ச மாதிரியில்லா இருக்கு, புளிச்சிராது?" என்று கேட்டாள். நான் கண்டுகொள்ளவில்லை. கையிருப்பு தீர்ந்தால் போன வருஷத்து வீடியோவை எடுத்துவிட்டேன். தண்ணீரில் வருஷமா எழுதியிருக்கிறது?

இப்படிச் சேர்ந்த கூட்டத்தில் செல்வம் மட்டும் வேறு ரகம். கரூரில் ஒரு பெட்ஷீட் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர். அவரும் முதலில் தண்ணீரைத்தான் விசாரித்தார். ஆனால் அடுத்த வாரமே "சாப்டீங்களா?" என்று கேட்டார். அதன் பிறகு தினமும் கேட்டார். லாட்ஜ் அறையில் தனியாகப் படுத்துக்கொண்டு "புரோட்டா" என்று பதில் போடுவேன். "வயித்தக் கெடுத்துக்காதீங்க" என்று திட்டுவார். மேனேஜர் என்னை எல்லார் முன்னாலும் கேவலமாகப் பேசியதை நான் வீட்டில் சொல்லவில்லை, முகமே பார்த்திராத செல்வத்திடம் சொன்னேன். அவர் தன் கதையைச் சொன்னார்.

அவருடையது காதல் கல்யாணம். ரெண்டு வருஷமாகிறது. மாமனார் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார், சாப்பாடு போட்டார், ஆனால் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பக்கத்து நாற்காலியில் செல்வம் உட்கார்ந்திருந்தாலும், "கவிதா, இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு" என்று மகளிடம்தான் சொல்வார். மகள் கேட்பாள். இவர் மகளிடம் பதில் சொல்வார். அதை அவள் அப்பாவிடம் சொல்வாள். ரசம் ஆறிவிடும்.

அந்த மாமனாருக்கு உலகத்தில் ஒரே ஒரு பலவீனம் குற்றாலம். செல்வம் என் வீடியோக்களைக் கவிதா மூலமாக அவருக்குக் காட்ட, மனிதர் தினமும் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் செல்வத்திடமிருந்து குரல் பதிவு வந்தது. "குடும்பத்தோட வர்றோமுங்க, பதினோரு பேரு. எனக்கு அங்க ஆள் இருக்குன்னு சொல்லிப்போட்டு நான்தான் கூட்டிட்டு வர்றேன். இது மட்டும் நல்லபடியா நடந்துதுன்னா மாமா எங்கிட்டப் பேசிடுவாருங்க."

சந்தோஷம் தாங்காமல் "வாங்க வாங்க" என்று பதில் போட்டுவிட்டு வீட்டுக்கு போன் செய்தேன். லட்சுமி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "வரட்டும். எங்க குளிக்க?" என்றாள். அந்த வாரம் சாரல் நின்றுபோய், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்ததாம். ஐந்தருவியில் அஞ்சில் ஒன்றுகூட விழவில்லையாம். அன்று காலையில்தான் என் முகநூல் பக்கத்தில் ஐந்தருவி ஆர்ப்பரித்துக் கொட்டியிருந்தது. (போன வருஷத்துச் சரக்கு.)

செல்வத்திடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அதையும் அழித்தேன். வேன் சொல்லிவிட்டார்கள், வீடு பிடித்துவிட்டார்கள், மாமனார் புது வேட்டி வாங்கிவிட்டார். இன்னும் ரெண்டு நாள் இருக்கிறது, குற்றாலத்துச் சாரல் எந்த நிமிஷமும் வரும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை விடியற்காலையில் தென்காசிக் கோயில் வாசலில் வேன் வந்து நின்றது. செல்வம் இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "வீடியோல உயரமாத் தெரிஞ்சீங்க" என்றார். பின்னாலேயே மாமனார் இறங்கினார். நெடுநெடுவென்று இருந்தார். இரண்டு கையையும் கூப்பி, "உங்களத்தான் தினமும் காலையில போன்ல பாக்கறனுங்க" என்றார்.

நானும் வேனில் ஏறிக்கொண்டேன். குற்றாலம் ரோட்டில் சீசன் சமயத்தில் ஈ எறும்பு நுழைய முடியாது. அன்றைக்குக் கிரிக்கெட் ஆடலாம் போலக் கிடந்தது. மாமனார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "கூட்டமே இல்லீங்களே?" என்றார். நான் கொஞ்சமும் கூசாமல், "எல்லாம் உங்க ராசி" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மகளிடம் திரும்பி, "நேரம் பாத்துத்தான் கூட்டியாந்திருக்காருன்னு சொல்லு" என்றார். ரெண்டு வருஷத்தில் மாமனார் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. செல்வம் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். அதற்கு மேல் நான் எப்படி உண்மையைச் சொல்ல?

இலஞ்சிப் பக்கம் அவர்கள் பிடித்திருந்த வீட்டில் இறங்கியதும் மாமனார் சட்டையைக் கழற்றினார். முதலில் எண்ணெய், அது நன்றாக ஊறிய பிறகுதான் அருவி. முப்பது வருஷப் பழக்கமாம். மசாஜ் செய்கிற அண்ணாச்சியைக் கூப்பிடச் சொன்னார். அவர் வந்து, எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்துகொண்டே என் காதருகில் வந்து, "தண்ணியே இல்லயே, எதுக்கு எண்ணெ தேய்க்காங்க?" என்று மெதுவாகக் கேட்டார். "மேல மழையாம், மத்தியானத்துக்குள்ள வந்துரும்" என்றேன். அவர் மலையைப் பார்த்தார். அது துடைத்து வைத்த மாதிரி இருந்தது. என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார். ஆண்கள் அத்தனை பேருக்கும் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய். பெண்களும் தலையில் வைத்துக்கொண்டார்கள். நானும் வெயிலில் நின்று எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

பளபளவென்று பதினோரு பேரும் ஐந்தருவியில் இறங்கினார்கள். வெறும் பாறை. அருவி விழுகிற இடத்தில் ஒருவர் செருப்புக்காலோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு மேலே ஒரு குரங்கு படுத்துத் தூங்கியது. எல்லாரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாறையையே பார்த்தார்கள். திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து எல்லார் போனும் ஒன்றுபோல டிங் என்றது. (அன்றைய பதிவை நிறுத்த மறந்துவிட்டேன், பாவி!) "இன்று காலை ஐந்தருவி, தண்ணி நல்லா விழுது." செல்வத்தின் மச்சினிச்சி நித்யா பழக்கதோஷத்தில் அதற்கு ஒரு ஹார்ட்டும் போட்டுவிட்டாள். மாமனார் எண்ணெய் வழிகிற விரலால் போனைத் தேய் தேய் என்று தேய்த்துத் திறந்தார். உள்ளே நான் குடையோடு நின்று, கொட்டுகிற தண்ணீருக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் போனைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"கவிதா, அவரோட ஆளுகிட்டக் கேளும்மா, தண்ணி எங்கீங்கன்னு."

போச்சு. மாமனார் பேசாதவர்கள் பட்டியலில் நானும் சேர்ந்துவிட்டேன். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். செல்வம் என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் சுருக்கென்று இருந்தது.

திரும்பிப் போய்க் குளிக்கலாம் என்றால் அந்த வீட்டில் ஒரே ஒரு குளியலறை, அதில் நூல் மாதிரித் தண்ணீர். லட்சுமிக்கு போன் செய்தேன். இதற்காகவே காத்திருந்தவள் போல, ஆய்க்குடியில் என் சித்தப்பா மகன் மாரியப்பனின் தோப்புக்கு எல்லாரையும் கூட்டிவரச் சொன்னாள். அங்கே பம்புசெட் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்னால் அவள் சீயக்காயும் சாப்பாட்டுத் தூக்குகளுமாக அங்கே நின்றாள். தண்ணீர்தான் இல்லை. மோட்டாருக்கு வேண்டிய கரண்ட் இன்னும் வரவில்லை, வரும்போதுதான் வரும் என்றான் மாரியப்பன்.

சாரல்தான் ஏமாற்றியதே தவிர, சீசன் காற்று ஏமாற்றவில்லை. தோப்பு மண்ணை அள்ளி எண்ணெய் உடம்புகள் மேல் அப்பியது. பொரிப்பதற்கு மசாலா தடவி வைத்த மீன்கள் மாதிரி ஆளுக்கொரு தென்னைமரத்தடியில் நின்றார்கள். வேன் டிரைவர் ஸீட்டில் படிந்த எண்ணெயைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. செல்வத்திடம் போனேன்.

"செல்வம், என்னைய நாலு அறை அறைஞ்சிருங்க. தண்ணி இல்லன்னு எனக்குத் தெரியும். நீங்க வராம போயிருவீங்களோன்னுதான் சொல்லல."

அவர் மண்ணில் புரண்டவர் போல நின்ற மாமனாரைப் பார்த்தார். பிறகு கேட்டார். "வீடியோ பொய்னாப் போயிட்டுப் போகுதுங்க. தினமும் சாப்டீங்களான்னு கேட்டனே, அதுக்குச் சொன்னதாவது நெசந்தானுங்களா?"

"அது நெசம். புரோட்டாதான் தின்னேன்."

அவருக்குச் சிரிப்பு எட்டிப்பார்த்தது. ஆனாலும் சிரிக்கவில்லை.

ஒருவழியாகக் கரண்ட் வந்தது. மோட்டார் உறுமி, குழாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று தொட்டியில் பாய்ந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு குதித்தார்கள். மாமனார் எல்லாரையும் முந்திக்கொண்டு குழாய்க்கு நேராகப் போய் உட்கார்ந்தார். கை போகிற இடமெல்லாம் சீயக்காயைத் தேய்த்தார். முதுகுதான் சிக்கல். எண்ணெயும் மண்ணும் சேர்ந்து அங்கே ஒரு பூச்சே பூசியிருந்தது. கை எட்டவில்லை. இப்படித் திரும்பினார், அப்படித் திரும்பினார். மகளைத் தேடினார். அவள் தோப்புக்கு அந்தப் பக்கம், பெண்கள் குளித்த தொட்டியில் இருந்தாள். தூது போக ஆளில்லை.

செல்வம் இறங்கினார். ஒன்றும் சொல்லாமல் கை நிறையச் சீயக்காயை எடுத்து மாமனார் முதுகில் தேய்க்க ஆரம்பித்தார். பெரியவர் முதுகு ஒரு தடவை விறைத்தது. நகர்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். நகரவில்லை. செல்வம் தோளில் தேய்த்தார், நடுமுதுகில் தேய்த்தார். அப்போது, தண்ணீர் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் கீழ தேய்ங்க, மாப்பிள்ளை."

செல்வத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. "கீழங்களா மாமா?" என்றார். தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆமாங்க, அங்கதான்" என்றார் அவர். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்ட மாரியப்பனிடம், கண்ணில் சீயக்காய் பட்டுவிட்டது என்றேன். நான் நின்றது வரப்பில். தொட்டியில் காலைக்கூட நனைக்கவில்லை.

சாப்பிடும்போது மாமனார் என்னிடமும் நேரடியாகப் பேசினார். கல்யாணமான மகளுக்கு எடுத்துச் சொல்வது மாதிரி நிதானமாக, இல்லாததை இல்லையென்று சொல்லிவிடணும் என்றார். தலையாட்டினேன். அன்றிலிருந்து, நேரில் நின்று பார்த்ததை மட்டும்தான் போடுகிறேன். வெறும் பாறையாக இருந்தால் பாறையைத்தான் போடுகிறேன். கூட்டத்தில் பாதிப்பேர் கழன்றுகொண்டார்கள். திருச்சிக்காரர் வாழ்த்துவதை நிறுத்திவிட்டார். செல்வம் தினமும் கேட்கிறார், நானும் சொல்கிறேன். இப்போது பெரும்பாலும் இட்லி.

ஆனால் அன்றைக்கு நடந்தது என் வீட்டில்தான் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. லட்சுமிக்கும் எனக்கும் சண்டை வந்து பேச்சு நின்றுபோனால் முன்னெல்லாம் ஒரு வாரம் ஓடும். இப்போது ரெண்டாம் நாளே நான் எண்ணெயைத் தடவிக்கொண்டு குளியலறை ஸ்டூலில் போய் உட்கார்ந்து, கை எட்டாதவன் மாதிரி அப்படியும் இப்படியும் திரும்புவேன். அவள் வாசலில் வந்து நிற்பாள். சிரிக்கக் கூடாது என்று முகத்தை எவ்வளவு கடுகடுப்பாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு கடுகடுப்பாக வைத்துக்கொண்டு கேட்பாள்.

"மேலயா, கீழயா மாப்பிள?"