அம்பாசிடருக்கு அஞ்சாவது கியர்

“மாது, நம்ம காருக்கு அஞ்சாவது கியர் போடப் போறோம்” என்று ஹெட்மாஸ்டர் பிரபாகர் சொன்னதும், டிரைவர் மாதுவின் கையிலிருந்த துணி நழுவி வாளிக்குள் விழுந்தது.

“எ... எதுக்குங்க சார்?”

“சத்தம் குறையும். ஓசூர்ல இருக்கற என் மச்சான் குடும்ப குரூப்புல ஒரு வீடியோ போட்டிருந்தான். இதே அம்பாசிடர், ஸ்டியரிங் பக்கத்துல இதே கை கியர். அதக் கழட்டிட்டு அஞ்சு கியர் பாக்ஸ் ஏத்தியிருக்காங்க. எண்பதுல போகுது, உள்ள மூச்சு வுடறதுகூட கேக்குது! பின்னாடி இருந்து நான் சொல்றது உனக்குச் சரியா கேக்காமத்தானே நீ இவ்ளோ தப்பு பண்ற?”

மாதுவுக்கு அந்தச் சத்தம் குறையவே கூடாது. அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைத் தன் ஊரான இண்டூரில் ஒருத்தரிடமும் அவன் சொன்னதில்லை, பெண்டாட்டி செல்லியிடம்கூட.

பிரபாகர் ஓய்வுபெற்று எட்டு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது, அவர்தான் பள்ளிக்கூடத்தை விடுவதாக இல்லை. கார் ஓட்டத் தெரியாது, லைசென்ஸ் கிடையாது. ஆனால் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்த நிமிஷமே பாடத்தைத் தொடங்கிவிடுவார். “ஹாரன் அடி. இப்ப ஏன் அடிச்ச? மாடு வருது பாரு. ஓ, எருமையா, பரவால்ல, போ. செகண்டு போடு. போட்டியா?” பத்தொன்பது வருஷமாக மாது இதற்கெல்லாம் சொன்ன ஒரே பதில் “சரிங்க சார்”.

அதாவது, அவர் காதில் விழும்படி சொன்ன ஒரே பதில்.

அந்த அம்பாசிடர் ஹெட்மாஸ்டரின் அப்பா காலத்து வண்டி. நாற்பதைத் தாண்டினால் அரிசி மில் மாதிரி கத்தும். டாப் கியரில் அறுபதைத் தொட்டுவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. மாது காத்திருப்பது அந்த அறுபதுக்குத்தான். முகத்தை நேராக வைத்துக்கொண்டு, மனசில் இருப்பதை எல்லாம் கொட்டுவான். “யோவ் வாத்தியாரே, எருமைக்கு ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு எந்த புஸ்தகத்துலய்யா போட்டிருக்குது? லைசென்சு வேணாம்னு நீயா வுட்டுட்டன்னு வூட்ல கத வுட்டு வெச்சிருக்க. அன்னிக்கு எட்டு போடற எடத்துல உன்கூட இருந்தவன் நானு...” இப்படியே போகும். வீடு போய்ச் சேரும்போது நெஞ்சு பஞ்சாகிவிடும். போன மாதம் அவனுக்கு பிரஷர் பார்த்த டாக்டரம்மா, “இந்த வயசுல, இந்த வேலைல, எப்படி பிரஷரே இல்ல உங்களுக்கு?” என்று மலைத்துப் போனார்.

இப்போது சத்தம் போய்விட்டால்? வாயை மூடிக்கொண்டு இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும். திறந்தால் வேலை போய்விடும். நாற்பத்தெட்டு வயதில், கை கியர் மட்டுமே பழகிய டிரைவரை யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

ஹெட்மாஸ்டரின் மனைவி மணிமேகலை அம்மா வாசலுக்கு வந்து, “காபி ஆறுது” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் எப்போதுமே அப்படித்தான். காரில் டிரைவருக்கு நேர் பின்னால் உட்காருவார், ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வார், ஊர் வந்து இறங்கும்போதுதான் திறப்பார். அவரைப் பார்த்தால் மாதுவுக்கு ரொம்பப் பாவமாக இருக்கும்.

“அந்த பாக்ஸெல்லாம் இப்ப கெடைக்காதுங்க சார். அம்பாசிடரே வர்றதில்ல” என்று மாது முதல் கட்டையைப் போட்டான்.

ஹெட்மாஸ்டருக்கு அது வீட்டுப்பாடம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாள் போனை வைக்கவில்லை. மூன்றாம் நாள் பெங்களூரின் ஏதோ பழைய இரும்புக் கடையிலிருந்து, கடைசிக் காலத்தில் வந்த அம்பாசிடர் ஒன்றின் அஞ்சு கியர் பாக்ஸ், சாக்கில் சுற்றிக்கொண்டு பார்சல் லாரியில் வந்து இறங்கியது.

மாது பாலக்கோடு ரோட்டில் இருக்கும் மெக்கானிக் பச்சியப்பனிடம் ஓடினான். இருவரும் ஒன்றாகப் படித்து ஒன்றாகவே படிப்பை விட்டவர்கள்.

“பச்சி, நாளைக்கு சார் வருவாரு. இந்த பாக்ஸு நம்ம வண்டிக்கு ஏறாதுன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிருடா.”

பச்சியப்பன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். “என்ன சொன்ன? ஏறாதா? என் கையில ஏறாத பாக்ஸா? யாரப் பாத்துடா சொல்ற? பத்து நாளாவும்னு சொல்லலாம்னு இருந்தன். இப்பச் சொல்றன், நாளைக்குக் காத்தாலயே கழட்டறன்!”

கழட்டியும் விட்டான். கை கியரை உருவி எடுத்தான். தரைத் தகட்டை வெட்டி, முன்சீட்டு நடுவே புதுக் கியர் கம்பியை நட்டான். மாதுவுக்குத் தன் கையையே வெட்டி எடுத்தது போல இருந்தது.

புது பாக்ஸ் பழையதைவிட நீளம். அதனால் பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைக் குறைத்து வெட்ட வேண்டும். காருக்கு அடியில் படுத்திருந்த பச்சியப்பன், “டேப்ப பாத்து அளவு சொல்லு” என்றான். சாமியை வேண்டிக்கொண்டு மாது இரண்டு அங்குலம் கூட்டிச் சொன்னான். லேத் பட்டறையில் வெட்டி வந்த ஷாஃப்ட் எந்தப் பக்கம் திருப்பினாலும் மாட்ட மாட்டேன் என்றது. பச்சியப்பன் பேயறைந்தது போல் நின்றான். மாது உள்ளுக்குள் துள்ளினான்.

அந்த நேரம் பார்த்து ஹெட்மாஸ்டர் வந்தார். “அளவு எடுத்தது யாரு?”

நண்பனைக் காட்டிக்கொடுக்கவில்லை பச்சியப்பன். அதுதான் வினையாகிப் போனது. “தப்பு என்னுதுங்க சார். ஷாஃப்ட மறுபடி வெட்டித் தர்றன். எனக்கு மனசு கேக்கல. அதனால தரை முழுக்க கனத்த ரப்பரு, அதுக்கு மேல கம்பளி, நானே ஒட்டித் தர்றன். இஞ்சின் சத்தம் ஒரு பொட்டு மேல வராதுங்க.”

“ஐயோ, வேணாம் பச்சி!” என்றான் மாது, தன்னையும் மீறி.

“ஏன் வேணாம்?” என்றார் ஹெட்மாஸ்டர்.

மாது வாயில் வந்ததைச் சொன்னான். “இல்லீங்க சார்... கதவு நாலும் ஆடுது. கண்ணாடி தடதடங்குது. சைலன்சர்ல ஓட்ட. இந்த வண்டில சத்தத்தக் கொறைக்கவே முடியாதுங்க. வுட்டுருங்க, பழசையே மாட்டிக்கலாம்.”

ஹெட்மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். கதவு ரப்பர் நான்கு, கண்ணாடி ரப்பர் நான்கு, புது சைலன்சர் ஒன்று என்று வரிசையாக எழுதிக்கொண்டார். “வெரிகுட் மாது! பத்தொம்பது வருஷத்துல மொதத் தடவையா உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்க” என்று முதுகில் தட்டினார்.

பச்சியப்பன் கழட்டத் தொடங்கிய நான்காம் நாள் வண்டி தயாரானது. சாவியைத் திருகி ஐந்து நிமிஷம் கழித்தும் மாதுவுக்கு இஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இறங்கிப் போய் முன்பக்கம் கையை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

வீட்டில் செல்லி கேட்டாள். “ஏங்க, மொகம் ஏன் இப்படி இருக்குது? வண்டி என்னாச்சு?”

“நல்லா ஆயிருச்சு.”

“அதுக்கா அழுவுறீங்க?”

ஞாயிற்றுக்கிழமை காலை கிருஷ்ணகிரியில் ஒரு புதுமனை புகுவிழா. ஹெட்மாஸ்டர் ஏறினார், மணிமேகலை அம்மா ஏறினார், கண்ணை மூடிக்கொண்டார். மாதுவின் இடது கை பழக்க தோஷத்தில் ஸ்டியரிங் பக்கம் போய் வெறும் காற்றைத் துழாவியது.

“மாது, கியர் கீழ.”

“சரிங்க சார்.”

“கீழன்னா சீட்டுக்குக் கீழ இல்ல. நடுவுல.”

“சரிங்க சார்.”

தர்மபுரியைத் தாண்டி நாலு வழிச் சாலையில் ஏறியதும் மாது அஞ்சாவது கியரைப் போட்டான். முள் எண்பதைக் காட்டியது. அடக் கடவுளே! மில் இல்லை, இடி இல்லை. மணிமேகலை அம்மாவின் வளையல் உரசுவது கேட்டது. ஹெட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்தது பிரேயர் மைக்கில் கனைத்தது போலக் கேட்டது.

“இண்டிகேட்டர். அந்தப் பக்கம் இல்ல. லாரிக்கு வழி வுடு. ஏன் வுட்ட? முந்தியிருக்கலாம். கண்ணாடியப் பாரு. என்னைய ஏன் பாக்கற, ரோட்டப் பாரு.”

ஒரு எழுத்து விடாமல் கேட்டது. மாது உதட்டைக் கடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. ‘கிருஷ்ணகிரி இன்னும் எவ்வளவு தூரம்டா சாமி?’ என்று நினைத்தான். காதுக்குள் விண்விண் என்று அடித்தது. அந்த டாக்டரம்மா மட்டும் இப்போது பிரஷர் பார்த்தால் கருவி உடைந்திருக்கும்.

திடீரென்று உத்தரவுகள் நின்றன. மாது கண்ணாடியில் பார்த்தான். ஹெட்மாஸ்டர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் அவரைத் தூங்க விடாமல் வைத்திருந்தது அந்தச் சத்தம்தான் போலிருக்கிறது. குறட்டை மெதுவாகத் தொடங்கி நன்றாகவே நிலைத்தது. மணிமேகலை அம்மாவின் கண்களும் மூடியிருந்தன.

மாது பத்து வரை எண்ணினான். பிறகு, தாங்க முடியாமல், அடிக்குரலில் வாயைத் திறந்துவிட்டான்.

“யோவ் வாத்தியாரே! இண்டிகேட்டர் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? லாரிக்கு வழி வுட்டாலும் குத்தம், வுடாட்டியும் குத்தமா? உன்கிட்ட படிச்ச புள்ளைங்க எப்படித்தான் உருப்பட்டுச்சோ! எட்டு போடச் சொன்ன இன்ஸ்பெக்டருக்கே ரெண்டு பிளாஸ்டிக் கோன் நகத்தி வெச்சு, எட்டு எப்படி எழுதணும்னு பாடம் எடுத்தவன்தானய்யா நீ? அப்பறம் வண்டிய எடுத்து, நேரா...”

ஹெட்மாஸ்டர் தூக்கத்தில் ஒருமுறை உறுமினார். மாது சட்டென்று நிறுத்தினான். குறட்டை மறுபடியும் பழைய தாளத்துக்கு வந்தது.

“மாது.”

குரல் அவன் பின்கழுத்துக்கு நேரே கேட்டது. மாதுவின் கால் ஆக்சிலேட்டரிலிருந்து தானாக எழும்பியது. ஸ்டியரிங் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. கண்ணாடியில் மணிமேகலை அம்மாவின் இரண்டு கண்களும் அகலத் திறந்திருந்தன. பத்தொன்பது வருஷத்தில் ஓடும் காரில் அந்தக் கண்களை அவன் பார்த்ததே இல்லை.

“அம்மா... தெரியாம வாய் வந்துருச்சுங்கம்மா... புள்ளகுட்டிக்காரன்... மன்னிச்சு வுட்டுருங்கம்மா” என்றான். அழுகையே வந்துவிட்டது. வேலை போச்சு, செல்லியிடம் என்ன சொல்வது என்று தலை சுற்றியது.

மணிமேகலை அம்மா முன்சீட்டின் மேல் கையூன்றி, அவன் காதருகே குனிந்தார்.

“சத்தமா அழுவாத, அவரு முழிச்சுக்குவாரு. பத்தொம்பது வருஷமா நான் சொல்ல நெனக்கறதெல்லாம் நீதான் சொல்ற, ஆனா வண்டி சத்தத்துல பாதிதான் காதுல வுழுவுது. அதுக்குத்தான் ஓசூர்ல இருக்கற என் தம்பிகிட்டச் சொல்லி அந்த வீடியோவ குரூப்புல போட வெச்சன். அந்த எட்டு போட்ட கதைய மொதல்ல இருந்து சொல்லு.”