குச்சி மாஸ்டரும் பதினெட்டுத் தொண்டைகளும்

பன்றிகளுக்கு வாக்குரிமை இருந்து, குச்சி மாஸ்டர் தேர்தலிலும் நின்றிருந்தால், வன்னி முழுவதிலும் ஒரு வாக்குக்கூட விழாமல் கட்டுக்காசைப் பறிகொடுத்த ஒரே வேட்பாளர் அவராகத்தான் இருந்திருப்பார். அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் வாயை இறுக மூடிக்கொள்ளாத பன்றியை நான் கண்டதில்லை.

மாஸ்டர் என்றுதான் பெயர். ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் இல்லை. எங்கள் மிருக வைத்தியப் பணிமனையில் ஆய்வுகூட உதவியாளர். பன்றியின் தொண்டைக்குள் நீளமான பஞ்சுக் குச்சியை விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, அதில் ஒட்டிவரும் கிருமியை வளர்த்துப் பார்ப்பது அவர் வேலை. சட்டைப் பையில் பேனை இருக்க வேண்டிய இடத்தில் குச்சிதான் இருக்கும். அவசரத்துக்குப் பேனை கேட்டால் குச்சியை எடுத்து நீட்டுவார். அதே கந்தோரில் கிளாக்கராக இருந்த நான் இரண்டு முறை அதை வாங்கி எழுதியும் பார்த்திருக்கிறேன்.

அவர் உட்கார்ந்து நாங்கள் கண்டதில்லை. மேசையிலிருந்து யன்னலுக்கு, யன்னலிலிருந்து பிரிட்ஜுக்கு, பிரிட்ஜிலிருந்து மறுபடி மேசைக்கு. தேத்தண்ணி குடிப்பதும் நடந்தபடிதான். மாரி மழையில் வெளியே போக முடியாத நாட்களில், கந்தோருக்குள்ளேயே நெடுங்கேணியிலிருந்து முல்லைத்தீவுக்கு நடந்து திரும்பியிருப்பார். அவருக்கென்று தந்த கதிரையில், கிருமித் தட்டுகளை வைக்கும், ஐஸ் போட்ட வெள்ளை ரெஜிபோம் பெட்டி குந்தியிருக்கும்.

“மாஸ்டர், உங்களைப் பாக்க எனக்குத் தலை சுத்துது. கொஞ்சம் இருங்கோவன்.”

“நான் இருந்தா அதுகள் எழும்பி நடக்கத் துவங்கிடும் தம்பி.”

அதுகள் என்றால் கிருமிகள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். இன்னொரு குறையும் இருந்தது. இடது பக்கம் நின்று பேசினால் அவருக்குக் கேட்காது. படிவம் நிரப்பச் சொன்னால் இடது காதைத் தருவார், தேத்தண்ணி என்றால் வலது காது தானாகத் திரும்பிவிடும். அது கள்ளக் காது என்று கந்தோர் முழுவதும் முடிவுகட்டியிருந்தோம்.

எங்கள் பக்கத்தில் புது ஆளைக் கண்டால் பேரைக் கேட்பதற்கு முன் ஊரைக் கேட்போம். எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், ஆருடைய பிள்ளை, இங்கே எப்போது வந்தது, எந்த வழியால் வந்தது. வன்னியில் பாதிப் பேர் வேறெங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள் என்பதால் விசாரணை முடிய அரை மணித்தியாலம் ஆகும். மாஸ்டர் இதே விசாரணையைக் கிருமியிடம் நடத்தினார். சின்னக் கண்ணாடித் தட்டில் இரத்தம் கலந்த கூழை உறைய வைத்து, அதில் குச்சியைத் தேய்த்து வைப்பார். அடுத்த நாள் புள்ளி புள்ளியாகக் கிருமி முளைத்திருக்கும். தட்டை முகத்தருகே பிடித்துக்கொண்டு, “ஐயா எந்த ஊர்?” என்பார்.

“எல்லாத்துக்கும் பேர் ஒண்டுதான் தம்பி. பேரை வைச்சு என்ன செய்யிறது? ஒரே பேருக்குள்ள கனக்கக் குடும்பம் இருக்கு. ஒரு குடும்பம் பன்றியின்ர தொண்டைக்குள்ள கிடந்து, ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காமல் செத்துப்போகும். இன்னொரு குடும்பம் இரத்தத்துக்குள்ள இறங்கி நேர மூளைக்குப் போகும். பாத்தா ரெண்டும் ஒரே சாயல். பரம்பரையை விசாரிச்சாத்தான் ஆள் ஆரெண்டு தெரியும்.”

இந்தப் பழக்கம் பன்றியோடு நிற்கவில்லை. ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளை களைப்பில் கொட்டாவி விட, முன்வரிசையில் நின்ற மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, பெண்ணின் தகப்பனிடம் போய், “தொண்டை கொஞ்சம் சிவந்துதான் கிடக்கு, பயப்பிட ஒண்டுமில்லை” என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மனிதர் தாலி கட்டி முடியும்வரை மாப்பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் பார்வதி அக்காவின் பட்டியில் மூன்று குட்டிகள் செத்தன.

பார்வதி அக்கா நெடுங்கேணிக்கு வெளியே, காட்டோரக் குடியேற்றத்தில் இருந்தார். தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து அவருடைய பெற்றோர் வன்னிக்கு வந்து பல வருடம். ஆனாலும் அவர் பேச்சில் மலைநாடு இன்னும் மிச்சமிருந்தது. யுத்தத்தில் இரண்டு முறை பட்டியைத் திறந்துவிட்டு ஓடியவர், மூன்றாம் முறை ஒரு சோடிப் பன்றியோடு துவங்கிப் பதினான்காக்கியிருந்தார். அதோடு லொறியில் வந்த வியாபாரி ஒருவரிடம் நான்கு குட்டிகளை வாங்கி விட்டார். அதற்குள் பட்டியிலேயே இன்னும் மூன்று குட்டிகள் பிறக்க, எல்லாமாக இருபத்தொன்று. ஒரே கிழமையில் லொறிக் குட்டிகளில் மூன்று விழுந்து, கால்களை நீச்சலடிப்பதுபோல் உதறிச் செத்துப்போயின.

ஊர் கொதித்தது. குட்டிகளைக் கொன்ற அந்தத் தொண்டைக் கிருமி காயத்தின் வழியே மனிதருக்கும் வரும் என்பது பொய்யில்லை. முறைப்பாடு எழுதி, கையெழுத்து வைத்து, எங்கள் டொக்டரிடம் கொண்டுவந்தார்கள். டொக்டர் புதிதாக வந்த இளம் பெண். அவா நியாயமாகத்தான் யோசித்தா. பத்து நாளுக்குள் மற்றப் பதினெட்டும் ஆபத்தில்லாதவை என்று காட்டினால் சரி, இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அழிப்பது.

செத்த குட்டிகளின் மூளையிலிருந்து எடுத்த கிருமியை மாஸ்டர் ஏற்கெனவே வளர்த்து வைத்திருந்தார். இனிப் பதினெட்டுத் தொண்டைகளிலும் இருப்பது அதே குடும்பமா, வேறா என்று பார்க்க வேண்டும். வழக்கமாகக் கயிறு பிடிக்கும் ஆள் லீவு. பன்றியின் மேல்தாடையில் கயிற்றை மாட்டி இழுத்துப் பிடிக்கும் உத்தியோகம் கிளாக்கருக்கு வந்தது. என் நியமனக் கடிதத்தில் இப்படி ஒரு வேலை இல்லை என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனேன். மாஸ்டர் இடது காதைத் தந்தார்.

பதினெட்டிலும் எடுத்தோம். மூன்று நாள் பார்த்தோம். பதினெட்டுத் தட்டிலும் ஒன்றும் முளைக்கவில்லை.

“நல்லதுதானே மாஸ்டர். கிருமி இல்லை.”

“விசரே உனக்கு? கிருமி இல்லாத பன்றித் தொண்டை உலகத்தில இல்லை. இது வெறுமை இல்லை, பொய்.”

டொக்டரும் அதையே சொன்னா. அன்று மாஸ்டர் கந்தோருக்குள் நடந்த நடை நடையே இல்லை. பின்னேரம் என்னையும் ஏற்றிக்கொண்டு மறுபடி பார்வதி அக்காவின் படலையடியில் போய் நின்றார்.

“அக்கா, நாங்கள் வாறதுக்கு முதல் பன்றியளுக்கு என்ன செய்தனீங்கள்?”

“ஒண்ணும் செய்யலைங்க சேர்.”

“கழுவினனீங்களே?”

பார்வதி அக்காவுக்கு முகம் கொஞ்சம் மலர்ந்தது. “அது கழுவாம இருக்க முடியுங்களா? கந்தோர்ல இருந்து பெரிய மனுஷங்க வந்து வாய்க்குள்ள பாக்கப் போறாங்க. வாய் நாறக்கூடாதில்ல. மஞ்சளும் உப்பும் போட்டு ஒவ்வொண்ணா வாய் கழுவிவிட்டேன். சோர்வா நிக்கக்கூடாதுன்னு பாமசியில மாத்திரை வாங்கி, நாலு நாள் தவிட்டுல கலந்தும் குடுத்தேன்.”

குளிசைப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். அது கிருமியைக் கொல்லும் குளிசை. விருந்தாளிக்கு வீடு கூட்டுவதுபோல அவர் பதினெட்டுத் தொண்டைகளையும் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறார். நான் சிரிப்பை அடக்க வேலிப் பக்கம் திரும்பினேன். மாஸ்டர் சிரிக்கவில்லை. “தொண்டையில அதுகள் திரும்ப வர நாள் செல்லும் அக்கா. எங்களுக்கு மூண்டு நாள்தான் கிடக்கு” என்றார். அப்போதுதான் அக்காவுக்குத் தான் செய்தது விளங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பட்டிக்குள்ளேயே குந்திவிட்டார்.

அடுத்த நாள் மாஸ்டர் டொக்டரின் அறைக்குள் போனார். “மிஸ், ரெண்டு கிழமை தாங்கோ.” டொக்டர் மறுத்தா. மாஸ்டர் வெளியே வரவில்லை. டொக்டரின் மேசையைச் சுற்றி நடந்தார். அவா கோப்புப் பார்த்தா, இவர் நடந்தார். அவா தொலைபேசியில் கதைத்தா, இவர் நடந்தார். மத்தியானம் ஆகும்போது டொக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு, “எடுங்கோ மாஸ்டர், ஆனா ரெண்டு கிழமைக்கு என்ர அறைப் பக்கம் வரக்கூடாது” என்று எழுதித் தந்தா.

எட்டு நாள் பொறுத்து மறுபடி போனோம். கயிறு இழுக்கும்போது என் கை முள்ளுக்கம்பியில் கீறிவிட்டது. சின்னக் கீறல். மாஸ்டர் குச்சியை எறிந்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். சவர்க்காரம் போட்டு, தோல் எரிய எரியத் தேய்த்தார்.

“சின்னக் காயம்தானே மாஸ்டர்.”

“எனக்கும் சின்னக் காயம்தான். விரலில. செத்த பன்றி ஒண்டை வெறுங்கையால வெட்டினனான். எல்லாம் ஒரே கிருமிதானே, கனபேர் தொட்டதுதானே எண்டு நினைச்சன். ஒரு மாதம் ஆசுபத்திரி. இடது காது போயிட்டுது.” துவாயால் என் கையை ஒற்றினார். “போனது சும்மா போகேல்லை. உள்ளுக்க ஒரு கூவல். நடந்தாக் குறையும். இருந்தா, படுத்தா, விடிய விடியக் கூவும்.”

கள்ளக் காது என்று நான் சொன்ன பகிடிகள் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது.

இந்த முறை தட்டுகள் நிறைய முளைத்தன. மரபணு பார்க்கும் வசதி கண்டிப் பக்கத்து ஆய்வுகூடத்தில்தான். பெட்டியை பஸ்ஸில் கொடுத்துவிட மாஸ்டர் சம்மதிக்கவில்லை. தானே, மடியில் வைக்காமல், அதாவது நின்றபடி, நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோனார். என்ன பெட்டி என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டிருக்கிறார். “பதினெட்டுப் பன்றியின்ர தொண்டை” என்றிருக்கிறார். மதவாச்சிக்கு முன்பே நான்கு ஆசனங்கள் காலியாகியும் மனிதர் கண்டிவரை நின்றே போனதாக நடத்துநர் பின்னர் வந்து முறையிட்டார்.

முடிவு வந்தது. பதினேழு தொண்டைகளில் இருந்தது தொல்லையில்லாத குடும்பம், அதிலும் மூன்று நான்கு கிளை. செத்த குட்டிகளைக் கொன்ற குடும்பம் ஒரேயொரு தொண்டையில் இருந்தது. லொறியில் வந்த நான்காவது குட்டி. தும்மல்கூட இல்லாமல், கொழுத்து, பார்வதி அக்காவின் காலைச் சுற்றிக்கொண்டு திரிந்தது. டொக்டர் சொன்னபடி அதை மட்டும் அழிக்கக் கொண்டுபோனோம். அக்கா அழுதார். பிறகு மற்றப் பதினேழையும் எண்ணிப் பார்த்தார். இன்னொரு தரமும் எண்ணினார்.

பட்டியைக் கழுவி மருந்தடித்து முடியப் பின்னேரமாகிவிட்டது. தீன் நேரம். பதினேழும் ஒன்றாகக் கத்தத் தொடங்கின. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் சொல்வதும் கேட்காது. எனக்குத் தலை பிளந்தது. காதைப் பொத்திக்கொண்டு திரும்பினால், மாஸ்டர் அக்கா போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் விளிம்பில் இருந்தார். பிறகு சாய்ந்தார். காலை நீட்டினார். அந்தக் கத்தலுக்குள் அவருடைய கூவல் எங்கோ அமுங்கிப்போயிருக்க வேண்டும். கை மெல்ல நழுவி மடியில் விழுந்தது. வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார்.

பார்வதி அக்கா தவிட்டு வாளியோடு வந்தார். நான் ஓடிப்போய் வாளியைப் பிடித்தேன்.

“அக்கா, கொஞ்சம் பிந்திப் போடுங்கோ. அதுகள் இன்னும் கொஞ்சம் கத்தட்டும்.”