சந்தேகம் டெய்லர் பிரித்துத் தைத்த ரவிக்கைகள்

தான் அளக்கிற டேப்பையே நம்பாத தையற்காரர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் இருந்தார். ராமநாதபுரத்தில் அவருடைய கடைக்கு மேலே இருந்த மாடி அறையில், கல்யாணமாகாத குமாஸ்தாவாக நான் இரண்டு வருஷம் குடியிருந்தேன். அவரிடம் மூன்று டேப்புகள் உண்டு. திங்கட்கிழமை காலையில் மூன்றையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் போட்டு, எது எதை ஏமாற்றுகிறது என்று குனிந்து பார்ப்பார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஊருக்கு அவர் சந்தேகம் டெய்லர். தபால்காரரே அப்படித்தான் கூப்பிடுவார். கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தால், டெய்லர் கவரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "இது நேத்தே வந்துருக்கணுமே? எங்கன வச்சிருந்தீக?" என்பார்.

எனக்கு முதல் சட்டைக்கு அளவெடுத்தபோது நடந்தது இது.

"மூச்சை விடுங்க சார்."

விட்டேன்.

"முழுசா விடலை."

விட்டேன்.

"வயித்தை எக்குறீக. எதுக்கு எக்குறீக? பொண்ணு பாக்கப் போறீகளா?"

அடுத்த வாரம் நான் பெண் பார்க்கத்தான் போவதாக இருந்தேன். ஆபீஸில் ஒரு ஈ காக்கைக்குக்கூட அதைச் சொல்லியிருக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் சந்தேகம்.

அவருடைய மனைவி பாக்கியம் அக்கா நேர் எதிர். நிறைந்த உடம்பு, நிறைந்த சிரிப்பு. எல்லாரையும் நம்புவார். கடையின் பின்பக்கம் உட்கார்ந்து ஹூக் தைப்பதும் காஜா எடுப்பதும் அவர் வேலை. அது போக மற்ற நேரமெல்லாம் சமையல். அவர் கருவாட்டுக் குழம்பைக் கூட்டி அடுப்பில் ஏற்றினால், மேலே நான் கையில் இருக்கிற புத்தகத்தை மூடிவிடுவேன். அதற்குமேல் ஒரு வரி ஓடாது.

ஒருநாள் காலையில் ஊருணியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்த அக்கா, கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது. குதிரை வண்டி வைத்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். அந்த அம்மாள் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தராசில் ஏற்றி நிறுத்தினார்.

"ரத்தக் கொதிப்பு. உப்பைக் குறைக்கணும், எண்ணெயைக் குறைக்கணும், சோத்தைப் பாதியாக்கணும். கருவாடு கூடவே கூடாது. தினம் நடக்கணும். இருபது பவுண்டாவது இறங்கணும், சொல்லிட்டேன்."

வண்டியில் திரும்பும்போது அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். டெய்லர் சிரிக்கவில்லை. "அந்தத் தராசுல முள்ளு சைபர்ல நிக்கலை, பாத்தீகளா சார்?" என்று மட்டும் என் காதில் கேட்டார். ஆனால் மறுநாள், மெஷின் சக்கரத்தைச் சுற்றாமல் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு சொன்னார்: "அவ ஆத்தாளும் இப்படித்தான் சார், குடத்தோட வந்து வாசல்ல உக்காந்துச்சு. இதே வயசு. உக்காந்தது உக்காந்ததுதான்."

அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டார். "நீ திங்காததை நானும் திங்க மாட்டேன்." அவரோ ஏற்கெனவே ஊசிக்குக் கால் முளைத்த மாதிரி இருப்பவர். அவர் எதைக் குறைக்க? ஆனாலும் காலையில் இருவருக்கும் உப்பில்லாத கேப்பைக் கூழ், மத்தியானம் குதிரைவாலிச் சோறும் கீரையும், ராத்திரி மோர். விடிந்ததும் ஊருணியைச் சுற்றி இரண்டு சுற்று நடை. அக்கா முன்னால் நடப்பார். டெய்லர் நாலடி பின்னால், இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வருவார். வழியில் வடை சுடுகிற அம்மாள் அக்காவைப் பார்த்துச் சிரித்தால், "அது எதுக்குச் சிரிக்குது? முந்தாநாளு நீ அங்கன நின்னியா?" என்று விசாரணை தொடங்கிவிடும்.

எதிர்வீட்டு பாத்திமா லாத்தா பெரியபட்டினத்துக்காரர். தாய்வீட்டிலிருந்து தொதல் வந்தால் ஒரு துண்டு இங்கே வராமல் இருக்காது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்காகக் கிண்டி இறக்குகிற அந்தக் கறுப்பு மினுமினுப்பை ஒரு முறை தின்றவன் லேசில் மறக்க மாட்டான். டெய்லர் லாத்தா வாசலில் போய் நின்றார். "இனிமே எங்க வீட்டுக்கு எதுவும் குடுத்துவிடாதீக. குடுத்தா, நீக எங்களுக்கு வேண்டாதவகன்னு நெனச்சுக்குவேன்." லாத்தா அரண்டு போய், ஒரு வாரம் அக்காவைப் பார்த்துச் சிரிக்கவும் பயந்தார்.

கருவாட்டுப் பானைதான் பெரிய கண்டம். டெய்லர் அதன் வாயைத் துணியால் மூடி, நீல நூலால் சுற்றி, தனக்கு மட்டும் தெரிந்த முடிச்சு ஒன்று போட்டு வைத்தார். பத்தாம் நாள் முடிச்சு மாறியிருந்தது. தெருவே கிடுகிடுத்தது. "கையை நீட்டுங்க சார்" என்று என் விரல்களை மோந்து பார்த்தார். நான் ஆபீஸ் மையை மட்டுமே தொட்டிருந்தேன் என்று நிரூபணமாயிற்று. பிறகு பானையைக் கவிழ்த்துக் கருவாட்டை எண்ணினார். பதினொன்று. வைத்தபோதும் பதினொன்றுதான்.

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நாந்தாங்க அவுத்தேன். திங்கலை. சும்மா மோந்து பாத்தேன்."

டெய்லர் பானையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்து, என் அறை மூலையில் வைத்தார். "உங்க பொறுப்பு சார்." அந்த வருஷம் என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் யாரும் பத்து நிமிஷத்துக்குமேல் தங்கவில்லை.

ஒரு மாசம் கழித்து டாக்டரம்மாவிடம் போனார்கள். ஒரே ஒரு பவுண்டுதான் இறங்கியிருந்தது. திரும்பி வந்த அக்கா முதல்முறையாக அழுததைப் பார்த்தேன். "போதுங்க. செத்தா சாகுறேன். கருவாட்டைத் தின்னுட்டு நிம்மதியாச் சாகுறேன்." மறுநாள் நடக்கப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. டெய்லர் மூன்று பேண்டுகளுக்கு இடுப்பளவை மாற்றித் தைத்தார். வாங்க வந்தவர்கள் சண்டை போட்டார்கள். யார் சொன்னதும் அவர் காதில் ஏறவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தெருவெல்லாம் கேட்கிற மாதிரி அக்கா கத்தினார். "ஏங்க! இங்கன வாங்க! ரவிக்கை தொளதொளங்குது!"

உண்மைதான், தளர்ந்துதான் இருந்தது. அடுத்த வாரம் இன்னொரு ரவிக்கையும் தளர்ந்தது. அக்கா எதிர்வீட்டு லாத்தாவைக் கூப்பிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார். நடை மறுபடி தொடங்கியது. இரண்டு சுற்று மூன்றாயிற்று, மூன்று நாலாயிற்று. எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. முகம் பழைய முகம், கை பழைய கை. ரவிக்கை மட்டும் எப்படிப் பெரிதாகும்?

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், அக்கா உள்ளே அயர்ந்து தூங்கும்போது, நூல்கண்டு கேட்கக் கீழே இறங்கினேன். டெய்லர் மடியில் அக்காவின் மஞ்சள் ரவிக்கை. பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மிச்சம் விட்டிருந்த துணியிலிருந்து ஒரு நூலளவு எடுத்து விட்டு, மெஷின் சத்தம் கேட்கக்கூடாதென்று கையாலேயே தைத்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி எழுந்துவிட்டார்.

"அண்ணே, இது மோசடி இல்லையா?"

"மோசடிதான். அதுக்கு என்ன இப்ப?" குரலைத் தாழ்த்தினார். "தராசு அவளை அழவைக்குது சார். நான் சிரிக்கவைக்கிறேன். சிரிச்சா நடக்குறா. நடந்தாத்தானே இருப்பா?"

நான் அக்காவிடம் எதையும் போட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்கு என்மேல் புதுச் சந்தேகம். நான் அக்காவோடு இரண்டு வார்த்தை பேசினால், "என்ன பேசுனீக?" என்பார். என் சட்டைகளுக்கெல்லாம் கேட்காமலே புதுப் பொத்தான் முளைத்தது.

இரண்டரை மாசம் ஓடியது. மறுபடி டாக்டரம்மா. தராசில் பதினாலு பவுண்டு குறைந்திருந்தது. பட்டையைச் சுற்றிப் பார்த்து, கொதிப்பும் இறங்கியிருக்கிறது என்றார். அக்கா குதித்துக்கொண்டு வந்தார். டெய்லர் பேயறைந்த மாதிரி வந்தார். வந்தவர் நேரே எதிர்வீட்டுக்குப் போய், பாத்திமா லாத்தாவிடம், தன் வாயாலேயே, ஒரு துண்டு தொதல் கேட்டார். லாத்தா இது ஏதோ சூழ்ச்சி என்று நினைத்து, தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு உடனே கதவைச் சாத்திக்கொண்டார்.

"இந்தா புள்ள, தின்னு."

"எதுக்கு?"

"தின்னுங்கிறேன். ஏன், இருமல் கிருமல் வருதா? ராத்திரியில காய்ச்சல் அடிக்குதா? மறைக்காமச் சொல்லு."

அக்கா ஹூக் தைத்துக்கொண்டிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

டெய்லர் உடைந்துவிட்டார். "நீ எளைக்கலை பாக்கியம். நாந்தான் ரவிக்கையைப் பிரிச்சுப் பிரிச்சு விட்டேன். எல்லாம் பொய்யி. இப்ப நெசமாவே எளைச்சிருக்கே. அப்ப ஏதோ வியாதிதான். காசமா இருக்குமோன்னு பயமா இருக்கு."

அக்கா சிரித்த சிரிப்பில், கடை வாசலில் உட்கார்ந்திருந்த என் கையிலிருந்த காப்பி தளும்பியது.

"நீங்க பிரிச்சது ரெண்டு விரக்கடை. இங்கன பாருங்க, நாலு விரல் போகுது. மிச்சம் ரெண்டு விரக்கடை நான் நடந்து கொறைச்சது."

"பிரிச்சது உனக்குத் தெரியுமா?"

"மொத வாரமே தெரியும். இருபது வருசமா உங்க தையலுக்கு ஹூக்கு வச்சுக் குடுக்கிறேன். பழைய தையல் போன ஓட்டை துணியில வரிசையா நிக்குது, அதுகூடவா தெரியாது?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

அக்கா சிரிப்பை நிறுத்தினார். "ஊர்ல ஒருத்தரையும் நம்பாத மனுசன், நான் நடந்தா பொழைச்சுக்குவேன்னு மட்டும் நம்பி, மத்தியானத் தூக்கத்தை விட்டுட்டு ஒக்காந்து தைக்கிறாரு. அதைப் போயி கெடுப்பேனா? ரெண்டு சுத்தை நாலாக்குனேன். வேற என்ன செய்ய?"

டெய்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இத்தனை நாளா நீ என்னைய ஏமாத்திருக்கே" என்றார்.

தொதலை மூன்றாக வெட்டினோம். அக்காவுக்குச் சின்னத் துண்டு. அந்த வாரம் முழுக்க டெய்லர் மனைவியின் ரவிக்கைகளை எல்லாம் மெஷினில் சத்தமாகவே பிடித்துத் தைத்தார்.

அடுத்த வருஷம் எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு இருவரும் வந்தார்கள். வழியில் தின்ன அக்கா குதிரைவாலி இட்லி கட்டிக் கொடுத்தார், உப்பில்லாமல். டெய்லர் பஸ்ஸின் நாலு சக்கரத்தையும் காலால் உதைத்துப் பார்த்தார். டிரைவரிடம் ராத்திரி நன்றாகத் தூங்கினாரா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். பஸ் நகர்ந்ததும், நான் நிஜமாகவே போகிறேனா என்று சந்தேகப்பட்டவர்போல் நடுரோட்டில் வந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

பஸ் திரும்பிய பிறகும் அவர் நின்றிருப்பார். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்றுவரை சந்தேகமே வந்ததில்லை.