பாஸாகாத தண்ணீர்

"டீச்சர், பிள்ளைகளுக்கு இந்தத் தண்ணியவா குடுக்கீக?"

விருதுநகரில் தண்ணீர் பரிசோதிக்கும் இடத்திலிருந்து ஆர்த்தி போனில் இப்படிக் கேட்டதும் பானுப்பிரியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இடுப்பில் யார் பெற்ற பிள்ளையோ ஒன்று அழுதுகொண்டிருந்தது. அதையும் மறந்து அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, தண்ணியில என்ன இருக்கு?"

"கிருமி இருக்கு. குடிக்க லாயக்கில்லன்னு எழுதியிருக்கேன்."

திருத்தங்கலில் பானுப்பிரியா நடத்தும் குழந்தைகள் காப்பகம் பெரிய இடமில்லை. ஒரு கூடம், ஒரு அடுப்படி, மொட்டைமாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். வருகிற பிள்ளைகள் எல்லாம் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். தண்ணீர் சுத்தம் என்று அறிக்கை வந்தால்தான் காப்பகத்துக்கு அனுமதியைப் புதுப்பிக்க முடியும், இல்லாவிட்டால் பூட்டுதான் என்று சுகாதார ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தீபாவளி சீசனில் பூட்டினால் தாய்மார்கள் பிள்ளையை எங்கே விடுவார்கள்? வெடிமருந்து கலக்கும் அறைக்கா தூக்கிக்கொண்டு போக முடியும்?

"விடுங்க டீச்சர், அடுத்த தடவ பாஸாயிரும். நான் பாத்துக்கிறேன்" என்றாள் ஆயா சண்முகத்தாய்.

பாட்டிலில் பிடித்த தண்ணீரைப் பஸ்ஸில் விருதுநகருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் அவள்தான். பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப் போல அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு போவாள்.

பானுப்பிரியா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினாள். பாசியைச் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, திரும்பத் திரும்பக் கழுவினாள். மறுநாள் ஒரு கல்யாண வீட்டில் அவள் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர், வாடை தாங்காமல் எழுந்து அடுத்த பந்திக்குப் போய்விட்டார். போனால் போகட்டும் என்று புதுப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து அனுப்பினாள்.

"டீச்சர், நெசமாவே தொட்டியக் கழுவுனீகளா?" என்றாள் ஆர்த்தி. "போன தடவைக்கு இந்தத் தடவ ரொம்ப மோசம்."

பானுப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த நிமிடமே தொட்டிக் குழாயை அடைத்துவிட்டு, கேன் தண்ணீர் போடும் சங்கிலிமுத்துவை வரவழைத்தாள்.

"நம்ம தண்ணியக் கண்ண மூடிக்கிட்டுக் குடிக்கலாம் டீச்சர். கலெக்டர் வந்தாலும் ஒரு சொம்பு குடுங்க" என்றான் சங்கிலிமுத்து.

சீல் பிரிக்காத கேனை அவன் கண் முன்னாலேயே திறந்து, பாட்டிலில் பிடித்து, சண்முகத்தாய் கையில் கொடுத்தாள். அந்தத் தண்ணீரும் தேறவில்லை. முன்பு இருந்ததைவிடக் கிருமி கூடியிருந்தது.

விஷயத்தை அவள் சங்கிலிமுத்துவிடம் மட்டும்தான் ரகசியமாகச் சொன்னாள். ஆனால் ரகசியத்துக்குத் திருத்தங்கலில் ஆயிரம் காது. சாயங்காலத்துக்குள் டீக்கடைகள் எல்லாம் கேனைத் திருப்பி அனுப்பிவிட்டன. சங்கிலிமுத்து வெளிறிப்போய் வந்து நின்றான்.

"டீக்கடைய விடுங்க டீச்சர். எம் பொண்டாட்டியே கேனத் தூக்கித் தெருவுல வச்சுட்டா."

அடுத்து, பட்டாசுக் கம்பெனி முதலாளி ஜெயச்சந்திரனே காப்பகத்துக்கு வந்துவிட்டார். தாய்மார்கள் வேலைக்கு வராவிட்டால் வடக்கே போகவேண்டிய லோடு முழுக்க நின்றுபோகும்.

"நம்ம வீட்டு ஆர்.ஓ. மிஷின்ல பிடிச்சுக்கோங்கம்மா. வெளிநாட்டு மிஷின். நான் பல்லு வெளக்குறதே அந்தத் தண்ணியிலதான்" என்றார்.

"ரொம்ப உபகாரம் அண்ணாச்சி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள் பானுப்பிரியா.

அந்தத் தண்ணீரையும் சண்முகத்தாய் கொண்டுபோய்க் கொடுத்தாள். முடிவைச் சொல்ல ஆர்த்தி அவசரமாகப் போன் செய்தாள்.

"டீச்சர், இதக் கால் கழுவக்கூட எடுக்காதீக. இதக் குடிச்சவுக நல்லா இருக்காகளா?"

இதைக் கேட்ட மாத்திரத்தில் அதுவரை நன்றாக இருந்த ஜெயச்சந்திரனுக்கு வயிற்றை வலித்தது. அவருடைய மனைவி சொர்ணலட்சுமி பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். வெளிநாட்டு மிஷினைப் பெயர்த்து வாசலில் போட்டார்கள். தெருவில் அன்றிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தொட ஆளில்லை. தாகத்துக்கு எல்லாரும் சோடாவே குடித்து, பேச்சுக்குப் பேச்சு ஏப்பம் விட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

சுகாதார ஆய்வாளர் போன் செய்தார்.

"இதுதாம்மா கடைசி. இதுவும் தேறலன்னா சாவிய என்கிட்டக் குடுத்துருங்க. என் வேலையும் போயிரும்."

பானுப்பிரியா பெரிய குண்டானை அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்துப் பாதியாகச் சுண்டும்வரை அடுப்பைவிட்டு நகரவில்லை. ஆறியதும் பாட்டிலில் பிடித்து மூடினாள். ஒரு பக்கம் சங்கிலிமுத்துவும் மறுபக்கம் ஜெயச்சந்திரனும் சாட்சிக்கு நின்றார்கள்.

"இதுலயும் கிருமி இருந்தா, அது கிருமி இல்லம்மா, பேய்" என்றார் ஜெயச்சந்திரன்.

சண்முகத்தாய் பாட்டிலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். காப்பகத்தில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம், கையில் ஒட்டிய அலுமினியப் பவுடரோடு தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தார்கள்.

"நாளைக்கு விடலாமா டீச்சர்?" என்று வாசலில் நின்று கேட்டாள் ஒருத்தி.

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பானுப்பிரியாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கொதிக்கவைத்த தண்ணீரும் தேறாவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு இனி அவளால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்த சண்முகத்தாய், டீச்சர் அழுவதைப் பார்த்துப் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழாதீக டீச்சர், பாஸாகட்டும்னு தொட்டியக் கழுவுன தடவ ஆத்தா கோயில் தெப்பக்குளத் தண்ணி ஒரு சொட்டு விட்டேன், அப்புறம் ஒரு மூடி, அப்புறம் அரைப் பாட்டில்னு கலந்து குடுத்தும் ஆத்தா மனசு எறங்கல, அதான் இன்னைக்கு உங்க தண்ணியக் கீழ கொட்டிட்டு, பாட்டில் நெறையத் தெப்பத் தண்ணியவே மொண்டு குடுத்துட்டு வந்திருக்கேன்."